முதல் அழைப்புக்கு எழுவோர்

செப்டம்பர் 4, வியாழன்

ஓடக்குறிச்சித் தொகுதியின் முடிசூடா மன்னனும், மூன்று முறை வென்று நான்கு முறை தோற்ற மாவீரனும், அறுபத்து மூன்று வயது இளைஞனுமான உத்திராபதி ஆகிய நான், இன்று மாலை ஐந்து மணிக்குச் சிறைபிடிக்கப்பட்டேன்.

சிறை என்றால் கடற்கரை விடுதி. இங்கிருக்கும் நீச்சல் குளத்தில் எங்கள் ஊர் ஏரியைக் கொண்டுவந்து கொட்டினாலும் ஒரு மூலைக்குக் காணாது. குளிரூட்டி ஊதுகிற வேகத்தில் என் அறைத்தோழர் பூவலிங்கத்தின் மீசை உறைந்து இரண்டாக ஒடிந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

எதிர்காலச் சந்ததிக்காகக் காரணத்தைப் பதிவு செய்கிறேன். நவம்பரில் உலக நாடுகள் கூடி, பூமியின் சூட்டைக் குறைக்க ஓர் ஒப்பந்தம் போடுகின்றன. விளைநிலத்தில் புதிய எண்ணெய்க் கிணறு தோண்ட மாட்டோம், பழைய கிணறுகளை ஐந்தாண்டுக்குள் மூடுவோம் என்று நம் நாடு அதில் வாக்குக் கொடுப்பதா வேண்டாமா என்று தில்லிக்குக் குழப்பம். எண்ணெய் எடுக்கும் மாநிலங்கள் மூன்று. அவற்றில் இரண்டின் சட்டமன்றங்கள் சம்மதித்தால் கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டது. ஒரு மாநிலம் சரி என்றது. இன்னொன்று முடியாது என்றது. மூன்றாவது நாங்கள். பதினைந்தாம் தேதி தீர்மானம் வாக்கெடுப்புக்கு வருகிறது. பூமி சூடாவதும் ஆறுவதும் இப்போது நான் எழுவதிலும் உட்காருவதிலும் இருக்கிறது.

'கட்சிக் கட்டளை கிடையாது, அவரவர் மனசாட்சிப்படி வாக்களிக்கலாம்' என்று முதல்வர் இன்று காலை அறிவித்தார். காலையில் மனசாட்சி என்ற சொல் வெளியே வந்தது. மாலையில் பேருந்து வந்துவிட்டது. தொழில்துறை அமைச்சர் நல்லமுத்துவுக்கும் தென்கடல் எண்ணெய் நிறுவனத்துக்கும் உள்ள பாசம், உடன்பிறந்தவர்களே பார்த்துப் பொறாமைப்படும் பாசம். தீர்மானத்தைத் தோற்கடிக்க அவருக்கு ஆள் வேண்டும். எங்கள் கட்சியில் இருபத்து நான்கு பேரை அள்ளிக்கொண்டு வந்துவிட்டார். பேருந்தின் நெற்றியில் 'சுற்றுச்சூழல் பயிற்சி முகாம்' என்று பதாகை கட்டியிருந்தார்கள்.

கைப்பேசிகளை ஒரு சாக்குப்பையில் வாங்கிக்கொண்டார்கள். பெட்டிகளைச் சோதித்தார்கள். என் முழங்கால் தைலப் பையை மட்டும் யாரும் திறக்கவில்லை. அந்தத் தைலத்தின் வாசனைக்குக் காவலர்கள் மூன்று கெஜம் தள்ளி நிற்கிறார்கள். இந்த நாட்குறிப்பு அதற்குள்தான் வாழ்கிறது.

செப்டம்பர் 5, வெள்ளி

முகாமின் ஒருங்கிணைப்பாளர் கிருபாகரன். நிறுவனத்தின் ஆள். முப்பத்தைந்து வயதிருக்கும். குரல் பன்னீர் தெளித்தது போல இருக்கும். காலைச் சிற்றுண்டி முடிந்ததும் ஆளுக்கொரு தாளை நீட்டினார். பதவி விலகல் கடிதம். எல்லாம் அச்சடித்திருந்தது. தேதி மட்டும் இல்லை.

"தேதி போடலியே தம்பி," என்றேன்.

"அவசியப்பட்டா நாங்களே போட்டுக்குறோம் சார். நீங்க எதுக்குச் சிரமப்படணும்?"

"அப்ப கையெழுத்தையும் நீங்களே போட்டிருக்கலாமே."

கிருபாகரன் சிரித்தார். பேனாவை நீட்டிய கை மட்டும் அப்படியே நின்றது. என் மகன் சேந்தனின் ஆறு தண்ணீர் லாரிகளும் இவர்கள் கிணறுகளுக்குத்தான் ஓடுகின்றன என்பதை அவர் சொல்லவில்லை. 'சேந்தன் சார் நல்லா இருக்காரா?' என்று மட்டும் கேட்டார்.

கையெழுத்துப் போட்டேன். உலகமே வியக்கும் அழகான கையெழுத்து.

செப்டம்பர் 6, சனி

மூன்று வேளையும் இறால். கடலில் இனி இறால் மிச்சமிருக்காது.

செப்டம்பர் 7, ஞாயிறு

வாரத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு உண்டு. ஒலிபெருக்கியில் போட்டு, கிருபாகரனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பேச வேண்டும். நான் என் அக்காள் மகள் சுடர்க்கொடியை அழைத்தேன். வேறு யாரையாவது அழைத்திருக்கலாம். மனைவியை அழைத்தால் மாத்திரையைப் பற்றிக் கேட்பாள் என்ற பயம்தான்.

சுடர்க்கொடி பற்றி இங்கே இரண்டு வரி. ஓடக்குறிச்சியில் பதினான்காம் எண் கிணற்றுக் குழாய் வெடித்தது இரண்டு வருடத்துக்கு முன். அவளுடைய மூன்று ஏக்கரில் இன்றைக்கும் தண்ணீரைத் தேக்கினால் மேலே வானவில் மிதக்கிறது. தொண்ணூற்றேழு நாட்களாகப் பந்தல் போட்டு உட்கார்ந்திருக்கிறாள், ஊரே கூட உட்கார்ந்திருக்கிறது. போன தேர்தலின்போது அந்த வயலில் இறங்கி, கரிய சேற்றை இரண்டு கையிலும் அள்ளி, 'இந்தக் கிணற்றை மூடாமல் நான் கண்ணை மூட மாட்டேன்' என்று முழங்கியவன் நான். கூட்டத்தில் பாதிப்பேர் அழுதார்கள். நானும் கொஞ்சம் அழுதேன். அது நடிப்பு என்று அப்போது நினைத்தேன்.

"மாமா, எங்க இருக்கீங்க?"

"சொர்க்கத்துல இருக்கேன்டி. இந்திரன் பக்கத்து ரூமு. ராத்திரியெல்லாம் ஒரே குறட்டை."

"சாப்டீங்களா?"

"சாப்பாடா? இங்க ஒரு இறாலைத் தூக்க ரெண்டு ஆளு வேணும்."

அவள் சிரிக்கவில்லை. "பந்தல்ல எல்லாரும் கேக்குறாங்க மாமா. பதினஞ்சாம் தேதி எழுந்து நிப்பீங்களா?"

கிருபாகரன் தன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் முழங்காலைப் பத்தித்தான் உனக்குத் தெரியுமே. எழுந்து நிக்கிறதுன்னா அதுக்கே ஒரு கிரேனு கொண்டாரணும்."

"சிரிப்புக் காட்டாம சொல்லுங்க மாமா."

"டாக்டர்கிட்ட கேட்டுச் சொல்றேன்."

 பிறகு அவள், "சரி மாமா. தைலம் தேய்ச்சிக்கிங்க," என்று வைத்துவிட்டாள்.

செப்டம்பர் 8, திங்கள்

கிருபாகரனுக்கு ஒரு பெரும் கவலை. இருபத்து நான்கு பேரும் தீர்மானத்தை எதிர்ப்பார்கள், சரி. எதிர்ப்பது எப்படி என்று யாருக்கும் தெரியவில்லை. இருபத்து மூன்று பேர் முதல் தடவை உறுப்பினர்கள். எங்கள் மன்றத்தில் பத்தொன்பது ஆண்டுகளாக எல்லாம் குரல் வாக்கெடுப்புதான். சரி என்று கத்தினால் முடிந்தது. இந்தத் தடவை கதவுகளை அடைத்து, மணி அடித்து, எழுந்து நிற்பவர்களைப் பகுதி பகுதியாகத் தலை எண்ணப் போகிறார்கள். எண்ணிக் கணிக்கும் வாக்கெடுப்பு. பெயர் எழுதிவிட்டால் எழுதியதுதான்.

"இதப் பாத்தவங்க யாராச்சும் இருக்கீங்களா?" என்று கிருபாகரன் கேட்டார்.

அறை முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது. ஆதிமனிதனைப் பார்ப்பது போல.

"மாமா பாத்திருப்பாரு," என்றார் பூவலிங்கம். இவர் அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்தவர். என்னைவிட நான்கு வயதுதான் இளையவர், ஆனால் ஊரே மாமா என்பதால் அவரும் மாமா என்கிறார்.

அப்படியாகத்தான் என் தலையில் அவைத் தலைவர் பதவி விழுந்தது. ஒரு குளியல் துண்டைத் தோளில் போர்த்திக்கொண்டேன். மணிக்குப் பதில் எவர்சில்வர் டம்ளரும் கரண்டியும். இருபத்து மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகள். சரித்திரத்தில் இவ்வளவு கம்பீரமான அவைத் தலைவரை எந்த நாடும் கண்டதில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

காலை இரண்டு மணி நேரம், மாலை இரண்டு மணி நேரம் ஒத்திகை. டம்ளரைத் தட்டுவேன். "கதவுகளை அடையுங்கள்," என்பேன். பிறகு "எதிர்ப்போர் எழுக!" எல்லோரும் எழுவார்கள். நாற்காலிகள் கிறீச்சிடும். பிறகு "ஆதரிப்போர் எழுக." எல்லோரும் கல்லாக உட்கார்ந்திருப்பார்கள்.

முதலில் நிறையக் குளறுபடி. பூவலிங்கம் ஒவ்வொரு சொல்லையும் காதில் வாங்கி, அர்த்தம் பண்ணி, அப்புறம் எழுந்தார். அதற்குள் பக்கத்து ஆள் உட்கார்ந்துவிட்டார்.

"யோசிக்காதய்யா," என்றேன். "அன்னைக்கு அங்க ஒரே கூச்சலா இருக்கும். எதிர்க்கட்சிக்காரன் மேசையைத் தட்டுவான். ஒரு சொல்லும் காதுல விழாது. முதல் அழைப்புக்கு எழு. ரெண்டாவதுக்கு உக்காரு. அவ்வளவுதான் வேதம்."

கிருபாகரன் அதைக் கேட்டு மகிழ்ந்துபோனார். மாலைக்குள் 'முதல் அழைப்பு: எழு. இரண்டாம் அழைப்பு: அமர்' என்று பாக்கெட்டில் வைக்கும் அட்டையே அச்சடித்துக் கொடுத்துவிட்டார். நிறுவனத்தின் சின்னமும் போட்டிருக்கிறது. அழகான அட்டை.

செப்டம்பர் 10, புதன்

மதியச் சாப்பாட்டு வரிசையில் செண்பகவல்லி என் பக்கத்தில் வந்து நின்றார். மேற்கு மாவட்டத்து உறுப்பினர். இருபது வருடம் கணக்கு டீச்சராக இருந்தவர். அவர் பார்த்தால் குழம்பில் மிதக்கும் முருங்கைக்காய் கூட நேராகப் படுத்துக்கொள்ளும்.

"அண்ணே, ஒரு சந்தேகம். சட்டமன்ற விதிமுறைப் புத்தகம் வீட்டுல வச்சுப் படிச்சேன். அதுல ஆதரிப்போரைத்தான் முதல்ல கூப்பிடணும்னு இருக்கே."

"அப்படியா இருக்கு?"

"அப்படித்தான் இருக்கு."

"அச்சுப் பிழையா இருக்கும்மா. எனக்கும் வயசாச்சு, ஞாபகம் முன்னப்பின்ன இருக்கலாம். நீ வேணா கிருபாகரன்கிட்டச் சொல்லி மாத்தச் சொல்லு."

செண்பகவல்லி என்னைப் பார்த்தார். ஒரு கணக்கை மனத்துக்குள் போட்டு முடிக்கும் நேரம் பார்த்தார். பிறகு தட்டில் ஒரு கரண்டி ரசம் ஊற்றிக்கொண்டார்.

"எதுக்குண்ணே. பெரியவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றார்.

மாலை ஒத்திகையில் அவர்தான் முதலில் எழுந்தார்.

டீச்சர்களுக்கே உரிய ஞாபகக் கோளாறு. இதற்கு மேல் இதில் எழுத ஒன்றுமில்லை.

செப்டம்பர் 11, வியாழன்

காலையில் யாரோ பரிமாறும்போது கரண்டி டம்ளரில் பட்டது. பூவலிங்கமும் இன்னும் ஆறு பேரும் இட்லியோடு எழுந்து நின்றார்கள்.

செப்டம்பர் 12, வெள்ளி

சேந்தனை வரவழைத்திருந்தார்கள். தோட்டத்தில் ஒரு குடையின் கீழ் அப்பனும் மகனும். பத்தடி தள்ளி ஒரு காவலர் பூக்களை ரசித்துக்கொண்டிருந்தார்.

"என்னப்பா, உடம்பு எப்படி இருக்கு?"

"யானையைத் தூக்கி இந்த இடுப்புல வச்சுக்கிட்டு ஊருக்கு நடந்தே வந்துருவேன்."

"அப்பா." அவன் குரலைத் தாழ்த்தினான். "நாலு லாரிய நேத்து நிறுத்தி வச்சுட்டாங்க. பதினஞ்சாம் தேதிக்கு அப்புறம் ஓட்டலாம்னு சொன்னாங்க. நீங்க ஏதும் ஏடாகூடமா பண்ணிற மாட்டீங்களே?"

"நானா? நான் வாழ்க்கையில ஏடாகூடமா ஏதாச்சும் பண்ணியிருக்கேனா?"

"பண்ணாத நாள் எதுப்பா?"

நியாயமான கேள்வி. அவன் பிள்ளைக்கு இந்த வருடம்தான் பள்ளிக்கூடம். அவன் சட்டைக் காலர் வியர்வையில் கறுத்திருந்தது. "நீ பயப்படாத. உங்கப்பன் எதிர்த்துத்தான் எழுந்து நிப்பான்," என்றேன். அவன் கையைப் பிடித்துச் சொன்னேன். பொய் சொல்லவில்லை. எழுதி வைத்துக்கொள்ளலாம்.

அவன் போன பிறகு வேலியோரம் நடந்து பார்த்தேன். விடுதிக்கு மூன்று வாசல்கள். மூன்றிலும் வணக்கம் சொல்கிறார்கள். மூன்றிலும் பூட்டு.

செப்டம்பர் 14, ஞாயிறு

அமைச்சர் நல்லமுத்து காலை பதினோரு மணிக்கு நேரில் வந்தார். ஒவ்வொருவரையும் கட்டித் தழுவினார். என்னைத் தழுவியபோது என் விலா எலும்புகளில் மூன்று இடம் மாறின.

"மாமா, ஒத்திகை பிரமாதமா நடத்துறீங்களாமே. கிருபா சொன்னாரு. எங்க, ஒருக்கா எனக்கும் காட்டுங்க."

எனக்குத் துண்டை எடுத்துப் போர்த்தினார்கள். டம்ளர் கைக்கு வந்தது. அமைச்சர் முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். அவர் மூன்றாம் தடவை அமைச்சர். சட்டமன்றத்தின் ஒவ்வொரு செங்கல்லும் அவருக்குப் பழக்கம். செண்பகவல்லி தன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேடையில் இரண்டு படிகள். முதல் படியில் கால் வைத்தேன். சரியாக அந்த நொடியில் என் முழங்கால், அறுபத்து மூன்று ஆண்டுகள் எனக்கு உழைத்த அந்தத் தியாகி, என்னைக் கைவிட்டது. துண்டு ஒரு பக்கம், டம்ளர் ஒரு பக்கம், நான் அமைச்சரின் காலடியில். என் அலறலில் கடல் நூறடி உள்வாங்கியதாகப் பிறகு சொன்னார்கள்.

"ஐயோ, மாமாவைத் தூக்குங்கப்பா," என்று அமைச்சரே பதறினார். பூவலிங்கம் தைலம் தேய்த்தார். வாசனை தாங்காமல் அமைச்சர் பத்து நிமிடத்தில் கிளம்பிவிட்டார்.

போகும்போது குனிந்து என் காதருகில், "நாளைக்கு இந்த முட்டிய வச்சுக்கிட்டு எழுந்துருவீங்கல்ல மாமா?" என்றார்.

"எதிர்ப்போர்னு கூப்பிட்டா, சுடுகாட்டுல இருந்தாலும் எழுந்து வருவேன்," என்றேன்.

செப்டம்பர் 15, திங்கள்

நிதானமாக எழுத முயல்கிறேன்.

பேருந்திலிருந்து நேராக மன்றத்துக்குள் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். பார்வையாளர் மாடத்தில் கிருபாகரன், முன்வரிசையில். அமைச்சர் எங்களுக்கு வெகு முன்னால், முதல் பகுதியில். நாங்கள் இருபத்து நான்கு பேரும் நான்காம் பகுதி. எதிர்க்கட்சிக்காரர்கள் ஒன்பது மணிக்கே மேசையைத் தட்டத் தொடங்கிவிட்டார்கள். மண்டபத்தின் கூரை இரண்டு அங்குலம் உயர்ந்து இறங்கியது.

முதல் மூன்று பகுதிகளும் முடிந்தன. முன்னால் யார் எழுந்தார்கள், யார் உட்கார்ந்தார்கள் என்பது எங்களுக்குச் சரியாகத் தெரியவில்லை. ஒரே முதுகுகளும் கைகளும். மன்றச் செயலாளர் தாளும் பேனாவுமாக எங்கள் பக்கம் வந்தார். அவைத் தலைவர் மணியைத் தட்டினார். ஒலிவாங்கி கரகரத்தது. பத்தொன்பது வருடத்துக்கு முன்பு அழைத்த அதே வரிசையில், 'ஆதரிப்போர்' என்று அவர் தொடங்கினார்.

செண்பகவல்லி எழுந்தார். அவர் சொல்லைக் கேட்டுத்தான் எழுந்தார். அவர் முகத்தைப் பார்த்தேன். அவருக்குப் பின்னால் பூவலிங்கம். பிறகு ஒரே நாற்காலிச் சத்தம். இருபத்து மூன்று பேர், கல்யாண வீட்டுப் பந்தியில் இலையை மடித்ததும் எழுவது போல, ஒருமித்து எழுந்து நின்றார்கள்.

செயலாளர் எழுதத் தொடங்கினார். பத்துப் பெயர் எழுதிய பிறகுதான் அமைச்சர் திரும்பிப் பார்த்தார். கையை மேலும் கீழும் ஆட்டினார். அதைப் பார்த்து பூவலிங்கம் இன்னும் விறைப்பாக நின்றார். இரண்டு பேர் மட்டும் சந்தேகப்பட்டு உட்காரப் போனார்கள். "உக்காராதீங்க, எழுதிக்கிட்டிருக்கேன்ல," என்று செயலாளர் அதட்டினார். மறுபடி நின்றார்கள்.

நான் எழவில்லை.

எழலாம் என்று ஒரு கணம் இருந்தது. கைகள் மேசை விளிம்பைப் பிடித்துவிட்டன. மேலே பார்த்தேன். கிருபாகரன் நின்றவர்களைப் பார்க்கவில்லை. ஒத்திகை நடத்தியவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். முழங்கால் எழவில்லை. நேற்று விழுந்த அடி.

பிறகு 'எதிர்ப்போர்' என்றார்கள். எழுந்தேன். நான்காம் பகுதியில் நான் ஒருவன். தொலைக்காட்சிக் கேமரா என்னை மட்டும் நெருங்கி வந்து காட்டியதாகச் சொன்னார்கள். என் வாழ்நாளில் நான் இவ்வளவு நேரம் நின்றதில்லை.

ஆதரவு எண்பத்தொன்று. எதிர்ப்பு ஐம்பத்தெட்டு. தீர்மானம் நிறைவேறியது.

செப்டம்பர் 16, செவ்வாய்

மறுபடி விடுதி. இந்தத் தடவை நான் மட்டும், என் பாதுகாப்புக்காகவாம்.

மற்றவர்களை வெளியே விட்டுவிட்டார்கள். இருபத்து மூன்று கடிதத்துக்கும் தேதி போட்டால் ஆட்சியே கவிழும், அமைச்சரின் நாற்காலியும் சேர்ந்து போகும். பூவலிங்கத்துக்கு அவர் ஊரில் யானை மேல் ஊர்வலமாம். 'மனசாட்சியின் சிங்கமே' என்று சுவரொட்டி. அவரும் தொலைக்காட்சியில், 'பதினோரு நாள் அடைச்சு வச்சும் என் முடிவை யாராலும் மாத்த முடியல' என்று கண் கலங்கினார். நல்ல மனிதர். சொல்லச் சொல்ல அவருக்கே நம்பிக்கை வந்துவிட்டது தெரிந்தது.

கிருபாகரன் மதியம் வந்தார். அந்த அட்டையை மேசையில் வைத்தார்.

"வரிசை மாறிப்போச்சே சார்."

"அதான் தம்பி எனக்கும் புரியல. வயசாச்சு. ஒருவேளை விதியை மாத்திட்டாங்களோ என்னமோ."

"நீங்க மட்டும் சரியா எழுந்தீங்களே."

"எனக்கு முட்டி வலி. முதல்ல எழ முடியல, அப்புறம் முடிஞ்சுது. கடவுள் காப்பாத்துனாரு."

அவர் வெகுநேரம் என்னைப் பார்த்தார். அப்போது அமைச்சர் உள்ளே வந்தார். என்னைக் கட்டிக்கொண்டு, நிஜமாகவே கண்ணீர் விட்டார். "இருபத்து நாலு பேர்ல எனக்குன்னு ஒரே ஒரு ஆம்பளை," என்றார். அவருக்குப் பின்னால் கிருபாகரன் அட்டையை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஒத்திகை அவருடைய ஏற்பாடு. அட்டை அவர் அச்சடித்தது. இனி அவரும் என் ஞாபகமறதியைத்தான் நம்பியாக வேண்டும்.

சேந்தனின் ஆறு லாரிகளும் ஓடுகின்றன. என்னை எண்ணெய் வள மேம்பாட்டுக் குழுவுக்குத் தலைவராக்கப் போகிறார்களாம்.

"அந்தக் கடிதம்?" என்று கேட்டேன்.

"என்கிட்டயே பத்திரமா இருக்கட்டும் மாமா. குடும்பத்துக்குள்ள என்ன?" என்றார் அமைச்சர்.

செப்டம்பர் 18, வியாழன்

கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார்கள். பேச யாரும் இல்லாத நேரம் பார்த்துக் கொடுத்தார்கள். செண்பகவல்லியிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி: 'விதிமுறைப் புத்தகத்தை மறுபடி பார்த்தேன் அண்ணே. அச்சுப் பிழைதான்.' அழித்துவிட்டேன்.

பிறகு சுடர்க்கொடி அழைத்தாள்.

"மாமா, பந்தலைப் பிரிச்சாச்சு. நூத்தி எட்டு நாளு. கிணத்தை மூடுற பட்டியல்ல நம்ம பதினாலுதான் மொதல்ல வரும்னு சொல்றாங்க."

"பாத்தியா. ஒங்க மாமன் மூச்சு விட்ட வேகத்துலயே கிணறு மூடிக்கும்னு நான் சொல்லல?"

 பின்னால் மூங்கில் கழிகளை அடுக்கும் சத்தம் கேட்டது.

"எழுந்து நின்ன எல்லார் பேரையும் ஒரு பலகையில எழுதி வச்சிருக்காங்க மாமா. கடைவீதியில. எங்கெங்கயோ இருக்கவங்க பேரெல்லாம் இருக்கு."

"நல்ல காரியம். எழுத்துப் பிழை இல்லாம எழுதச் சொல்லு."

"அம்மா ரெண்டு நாளா சாப்பிடல." பிறகு, "கொஞ்ச நாளைக்கு ஊருக்கு வராதீங்க மாமா. யாராச்சும் ஏதாச்சும் சொல்லுவாங்க. எனக்கு அதக் கேக்கப் பிடிக்காது."

அவளிடம் சொல்ல ஒரு வரி இருந்தது. சிறிய வரிதான். சொன்னால் அவள் அம்மாவிடம் சொல்வாள், அம்மா கடைவீதியில் சொல்வாள், அன்று மாலையே லாரிகள் நிற்கும், கடிதத்துக்குத் தேதி வரும், செண்பகவல்லியின் பெயரும் சேர்ந்து வரும்.

"எனக்கும் இங்க தலைக்கு மேல வேலைடி," என்றேன். "கடல்ல இறால் எண்ணிக்கிட்டிருக்கேன்."

"தைலம் தேய்ச்சிக்கிங்க," என்றாள்.

செப்டம்பர் 19, வெள்ளி

காலை உலாவப் போனேன். மூன்று வாசலிலும் வணக்கம்.

திரும்பி வந்து ஒத்திகை அறைக்குள் நுழைந்தேன். நாற்காலிகளை இன்னும் எடுக்கவில்லை. நான்காம் வரிசையில் உட்கார்ந்தேன். டம்ளரைத் தட்டினேன். 'ஆதரிப்போர் எழுக' என்று நானே சொன்னேன். எழுந்து நின்றேன். முழங்கால் துளியும் வலிக்கவில்லை.

இந்தப் பக்கத்தைக் கிழித்துவிட வேண்டும்.